காலையில் கூடுதல், மதியம் குறைவு: ஆயில் ஸ்டிக்கை எப்போது நம்புவது?

வாசகர் கேள்வி: திருநெல்வேலியிலிருந்து குடும்பத்தோடு காரில் காசிக்கு வந்திருக்கிறோம். ஏழு பேர் உட்காரும் பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படி வந்த) டீசல் வண்டி. கிளம்புவதற்கு முன் சர்வீஸ் விட்டு ஆயில் மாற்றினோம். மறுநாள் காலை வீட்டில் ஆயில் அளக்கும் ஸ்டிக்கை உருவிப் பார்த்தபோது ஆயில் சரியாக எஃப் (ஃபுல்) கோட்டில் இருந்தது. ஆதிலாபாத் பக்கம் மதியம் டீசல் போட நின்றபோது, பங்க் பையன் ஸ்டிக்கை உருவிக் காட்டினான். எல் (லோ) கோட்டுக்கும் கீழே இருந்தது! பயந்துபோய் அங்கேயே ஒரு லிட்டர் வாங்கி ஊற்றினோம். மறுநாள் காலை நாக்பூர் லாட்ஜில் பார்த்தால் எஃப்புக்கு மேல் ஒரு விரற்கடை. ஜபல்பூரில் டீ குடிக்க நிறுத்தியபோது இரண்டு கோட்டுக்கும் நடுவில். நேற்றுச் சாயங்காலம் காசியில் அடுத்தடுத்து இரண்டு முறை உருவினேன். இரண்டும் வேறு வேறு அளவு, ஸ்டிக்கின் இரு பக்கமும்கூட ஒத்துப்போகவில்லை. சிவப்பு விளக்கு எங்கும் எரியவில்லை. இன்ஜின் ஆயில் குடிக்கிறதா? ஊற்ற வேண்டுமா, எடுக்க வேண்டுமா? நான்கு நாளில் இதே வண்டியில் அம்மாவை அழைத்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும்.

அன்புள்ள ஐயா,

இதைப் படித்து முடிக்கும்வரை இன்னொரு சொட்டு ஆயிலும் ஊற்றாதீர்கள். உங்கள் இன்ஜின் ஆயில் குடிப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் எழுதிய அளவுகளை வைத்துப் பார்த்தால் இப்போது அதில் ஏறத்தாழ ஒரு லிட்டர் கூடுதலாக இருக்கிறது. ஊருக்குக் கிளம்புவதற்கு முன் சரிசெய்ய வேண்டியது அந்தக் கூடுதலைத்தான்.

எப்படிச் சொல்கிறேன் என்றால், நீங்கள் பார்த்த அளவுகளில் இரண்டு மட்டும் ஒரே மாதிரிச் சூழலில் எடுத்தவை: திருநெல்வேலி வீட்டில் காலையில் பார்த்தது, நாக்பூர் லாட்ஜில் காலையில் பார்த்தது. இரண்டுமே வண்டி இரவு முழுக்க நின்று, ஆயில் எல்லாம் இன்ஜினின் அடித்தொட்டியான சேம்பருக்கு இறங்கிய பிறகு, ஸ்டார்ட் செய்யும் முன் எடுத்தவை. முதலாவதில் எஃப். நடுவில் நீங்கள் ஊற்றியது ஒரு லிட்டர். இரண்டாவதில் எஃப்புக்கு மேல் ஒரு விரற்கடை. பெரும்பாலான கார்களில் எல் கோட்டுக்கும் எஃப் கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர்தான், ஸ்டிக்கில் அந்த இடைவெளியும் ஒரு விரற்கடையை ஒட்டித்தான் இருக்கும். ஊற்றிய லிட்டர் அப்படியே எஃப்புக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து நாக்பூர் வரை 1,600 கி.மீ.க்கு மேல் ஓடியும் கணிசமாக எதுவும் குறையவில்லை என்று அர்த்தம். ஏழு பேர், தலைக்கு மேல் லக்கேஜ், நிர்மல் பக்கத்து மலைப்பாதை எல்லாம் தாண்டி வந்த வண்டிக்கு இது நல்ல சான்றிதழ்.

அப்படியானால் ஆதிலாபாத்தில் ஏன் எல்லுக்குக் கீழே காட்டியது? இன்ஜின் ஓடும்போது ஆயில் சேம்பரில் தங்கியிருப்பதில்லை. பம்ப் அதை உறிஞ்சி ஃபில்டர், கிராங்க் பேரிங், கேம் ஷாஃப்ட், டர்போ என்று எல்லா இடத்துக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். சாவியைத் திருப்பி அணைத்த நொடியில் அரை லிட்டரோ அதற்கு மேலோ ஹெட்டிலும் வழிகளிலும் நிற்கும். எண்ணெய்ச் சட்டியைக் கழுவாமல் கவிழ்த்து வைத்தால் எப்படிச் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருக்குமோ அப்படித்தான் அது கீழே வரும். சூடான ஆயில் பெரும்பகுதி இறங்கப் பத்து நிமிடம் போல ஆகும், மிச்சம் இன்னும் மெதுவாக வரும். பங்க்கில் நீங்கள் டேங்க் மூடியைத் திறப்பதற்குள் அந்தப் பையன் பானட்டைத் திறந்திருப்பான்.

இன்னொன்று, பங்க் தரை சமதளம் இல்லை. மழைநீரும் சிந்திய எண்ணெயும் வடிய வேண்டும் என்று சரிவாகத்தான் போடுவார்கள். ஸ்டிக் சேம்பரின் நட்ட நடுவில் இறங்குவதில்லை, ஏதோ ஒரு ஓரத்தில் இறங்குகிறது. வண்டி அந்த ஓரம் உயர்ந்தபடி நின்றால் ஆயில் எதிர்ப்பக்கம் ஒதுங்கி, ஸ்டிக் காய்ந்துபோய் வெளியே வரும். எதிர்த்திசையில் நின்றால் அதே ஆயில் எஃப்பைத் தொடும். ஜபல்பூரில் நடுவில் காட்டியதும் இந்த வகைதான்: ஓடி நிறுத்திய சூடு, ரோட்டோரச் சரிவு. அந்த எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆயில் சூடானால் விரியும். உங்கள் வண்டியில் ஐந்து லிட்டர் என்று வைத்துக்கொண்டால், காலைக் குளிர்ச்சியிலிருந்து ஓடும் சூட்டுக்குப் போகும்போது ஏறத்தாழ கால் லிட்டர் கூடுதலாகத் தெரியும். அதாவது கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தில் கால் பங்கு. ஒரு சொட்டுகூட ஊற்றாமல், குறையாமல், இவ்வளவு வித்தியாசம் சும்மாவே வரும். காசியில் இப்போது உள்ள குளிர் காலையும் திருநெல்வேலிக் காலையும் ஒன்றல்ல என்றாலும், அந்த வித்தியாசம் நூறு மில்லிக்குள் அடங்கிவிடும். அதை விட்டுவிடலாம்.

காசியில் இரண்டு முறை உருவி இரண்டு அளவு வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்டிக் இறங்கும் குழாய்தான். அது குறுகலானது, வளைவானது. ஓடும்போது சிதறும் ஆயில் அதன் உள்சுவரில் அப்பியிருக்கும். ஸ்டிக்கை உருவும்போது சுவரில் உரசி, ஒரு பக்கம் மட்டும் மேல்வரை ஈரமாகி வரும். பலர் அந்த ஈரத்தின் உச்சியைப் பார்த்து "ஃபுல்" என்று சொல்லிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது, ஆயில் பட்டை விட்டுப்போகாமல் அகலம் முழுக்கப் படிந்திருக்கும் இடம். இரண்டு பக்கத்தையும் பாருங்கள், எது கீழே இருக்கிறதோ அதுதான் கணக்கு. மேலே கோடு கோடாக இழுத்தாற்போல இருப்பது சுவரில் ஒட்டியிருந்த மிச்சம். கைப்பிடியில் ரப்பர் வளையம் இறுக்கமாக உட்காரும் சில இன்ஜின்களில், குழாய்க்குள் காற்று அடைபட்டு முதல் தடவை தப்பாகவே காட்டும். ஸ்டிக்கை உருவித் துடைத்து, ஒன்றிரண்டு நிமிடம் வெளியிலேயே வைத்துவிட்டுப் பிறகு விட்டால் சரியாகிவிடும்.

ஆகவே நாளைக் காலை செய்ய வேண்டியது இது. இன்று இரவே வண்டியைச் சமதளமாக நிறுத்துங்கள். காசியில் சத்திரத்துச் சந்துக்குள் கார் போகாது, எங்காவது பார்க்கிங்கில்தான் விட்டிருப்பீர்கள். தரை சமமா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பாதி தண்ணீர் உள்ள பாட்டிலை வண்டிக்குப் பக்கத்தில் படுக்கவைத்துப் பாருங்கள், சாய்வு தெரிந்துவிடும். நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யாமல், நூல் உதிராத துணியால் ஸ்டிக்கைத் துடைத்து, கடைசிவரை அழுத்தி இறக்குங்கள். ஐந்து எண்ணிவிட்டு உருவுங்கள். நுனி லேசாகத் தாழ இருக்கும்படி பிடியுங்கள், கைப்பிடியைத் தாழ்த்தினால் ஆயில் மேலே ஓடி அளவு கெட்டுவிடும். ஆயில் நிற்கும் இடம் சரியாகத் தெரியாவிட்டால், நுனியை ஒரு வெள்ளைத்தாளில் படுக்கவைத்து எடுங்கள். ஈரம் எதுவரை என்று தாளில் அச்சாக விழும். இதை இரண்டு மூன்று தடவை செய்து, ஒரே இடம் வந்தால் அதுதான் உங்கள் உண்மையான அளவு. கிலோமீட்டரோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

சில கம்பெனிகளின் மேனுவல் வண்டி சூடாகி, அணைத்து, சில நிமிடம் கழித்துப் பார்க்கச் சொல்லும். உங்கள் மேனுவல் அப்படிச் சொன்னால் ஊரில் சர்வீசுக்குப் பிறகு அதன்படி ஒருமுறை பாருங்கள். ஆனால் பயணத்தில், ஒரு நாளுக்கும் மறு நாளுக்கும் ஒப்பிட, காலை அளவுதான் தோது. வண்டி இரவில் எப்படியும் நிற்கப்போகிறது.

நாளைக் காலையும் எஃப்புக்கு மேல் விரற்கடை இருந்தால், அந்த ஒரு லிட்டரை எடுத்தே ஆக வேண்டும். "கூட இருந்தால் நல்லதுதானே, பாதுகாப்புதானே" என்று படித்தவர்கள்கூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் உண்மையான கவலை உண்டு. ஆயில் மட்டம் உயர்ந்தால் சுழலும் கிராங்க் அதில் அடித்து நுரையாக்கும். நுரையைப் பம்ப் உறிஞ்சினால் பேரிங்குக்கும் டர்போவுக்கும் ஆயிலோடு காற்றும் போகும், அழுத்தம் விழும். மற்றொரு பக்கம் பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் குழாய்) வழியாக ஆயில் ஆவியும் துளியும் காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குள் போய், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கும். டீசல் இன்ஜினில் அந்த ஆயிலே எரிபொருளாகி, சாவியை அணைத்தாலும் வேகம் ஏறிக்கொண்டே போகும் நிலை அபூர்வமாக வருவதுண்டு. வந்தால் இன்ஜின் மிஞ்சாது. ஆதிலாபாத்திலிருந்து காசி வரை நன்றாக ஓடி வந்துவிட்டதே என்று அதே அளவோடு 2,300 கி.மீ. திரும்ப வேண்டாம்.

எடுப்பது எளிது. அடியில் டிரெயின் நட்டைத் தளர்த்திக் கொஞ்சம் மட்டும் விடுவது பழகிய கைக்கே சிரமம். ஒரு லிட்டர் என்பது ஒன்றரை லிட்டராகிவிடும், வாஷரும் மாற்ற வேண்டி வரும். ஸ்டிக் குழாய் வழியாக மெல்லிய டியூப் விட்டு உறிஞ்சும் கருவி வைத்திருக்கும் ஒர்க் ஷாப்பைத் தேடுங்கள். அது இல்லையென்றால் பெரிய சிரிஞ்சும் டியூபும் போதும், பொறுமைதான் வேண்டும். குளிரில் ஆயில் கெட்டியாக ஏறும், கொதிக்கும்போது கை சுடும். ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி, தொடும் சூட்டுக்கு வந்த பிறகு எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பிடித்தால் எவ்வளவு என்று கண்ணுக்கே தெரியும். முக்கால் லிட்டர் எடுத்ததும் நிறுத்திக்கொண்டு, மறுநாள் காலை பாருங்கள். இரண்டு கோடுகளின் நடுவுக்கும் எஃப்புக்கும் இடையே எங்கே நின்றாலும் போதும், எஃப்பைத் தொட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அங்கே இந்தியில் சொல்ல: "லெவல் சே ஜ்யாதா ஹை, தோடா நிகால்னா ஹை, பூரா நஹீ." (அளவுக்கு மேல் இருக்கிறது, கொஞ்சம் எடுக்க வேண்டும், முழுக்க வேண்டாம்.) கடைசி இரண்டு வார்த்தையை அழுத்திச் சொல்லுங்கள். இல்லையென்றால் முழு ஆயிலையும் இறக்கிவிட்டு, கையில் இருப்பதை ஊற்றிவிடுவார்கள்.

அப்படியே பிரீதர் ஹோஸும் இன்டர்கூலர் ஹோஸும் சேரும் இடங்களைத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லேசான ஈரம் இயல்பு, ஆயில் தேங்கி வழிந்தால் இயல்பில்லை.

ஆதிலாபாத்தில் என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று எழுதவில்லை. டப்பா இருந்தால் பின்பக்கம் பாருங்கள். பங்க்குகளில் அதிகம் கிடைப்பது 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40 (ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்கள்). 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில் பெரும்பாலும் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் டி.பி.எஃப். என்ற ஃபில்டர் இருக்கிறது. அதற்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும், பல வண்டிகளுக்கு அது 5டபிள்யூ-30, ஏ.சி.இ.ஏ. (ஐரோப்பியக் கார் கம்பெனிகளின் சங்கம்) சி2 அல்லது சி3 தரம். ஒரு லிட்டர் வேறு தரம் கலந்ததால் இன்ஜின் வழியில் நின்றுவிடாது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் அடுத்த ஆயில் மாற்றத்தை 10,000 கி.மீ. வரை இழுக்காமல், ஊர் போனதும் மாற்றிவிடுங்கள். திரும்பும் வழிக்கு மேனுவலில் உள்ள தரத்தில் ஒரு லிட்டர் வாங்கி டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். காசி மாதிரிப் பெரிய ஊரில் கிடைக்கும், நெடுஞ்சாலை நடுவில் தேட முடியாது.

உங்கள் கேள்விக்குள் இல்லாத ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும், காரணம் வண்டி டீசல். டி.பி.எஃப். தன்னைச் சுத்தம் செய்யும்போது கூடுதலாக டீசல் பாய்ச்சும், அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிச் சேம்பருக்குள் இறங்கும். ஊருக்குள் குட்டிக் குட்டி ஓட்டம் ஓடி, சுத்தம் பாதியில் அறுந்துகொண்டே போனால் ஆயில் மட்டம் தானாக ஏறும். இது ஏற்றம் என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை, ஆனால் நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காக்காது. உள்ளே கொஞ்சம் ஆயில் குறைந்து அதே அளவு டீசல் சேர்ந்தால் ஸ்டிக்கில் எந்த மாற்றமும் தெரியாது. புது ஆயிலோடு நெடுஞ்சாலையில் ஓடிய உங்கள் வண்டியில் இது பெரிதாக இருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை அழுத்தமாக அடிக்கிறதா என்று. செய்தித்தாளில் ஒரு சொட்டு விட்டுச் சில மணி நேரம் வையுங்கள். கரும்பொட்டைச் சுற்றி வெளிறிய ஈர வளையம் அகலமாகப் பரவினால் டீசல் கலந்திருக்கிறது, எடுத்த பிறகும் அந்த ஆயிலை நம்ப வேண்டாம், அங்கேயே மாற்றிவிடுங்கள். வண்டியை நிறுத்தும்போது ஃபேன் பலமாகச் சுற்றி, ஐடில் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) வழக்கத்தைவிட உயர்ந்திருந்தால், சுத்தம் நடந்துகொண்டிருக்கலாம். பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி முடியவிட்டு அணைப்பது நல்லது.

கூலன்ட் கலந்தாலும் மட்டம் ஏறும். அப்போது ஆயில் பால் கலந்த நிறத்துக்கு மாறும், கூலன்ட் டேங்கிலும் அளவு இறங்கும். காசிப் பனியில் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெள்ளையாக நுரை தெரிந்தால் அது ஈரக்காற்றின் வேலை. ஸ்டிக் சுத்தமாக இருந்து, கூலன்டும் குறையாமல் இருந்தால் கவலை இல்லை.

ஸ்டிக்கையே சந்தேகப்பட வேண்டிய நேரமும் உண்டு. எங்கள் பட்டறைக்கு ஒரு ஏழு சீட்டர் வந்தது. எவ்வளவு முறை சர்வீஸ் செய்தாலும் அளவு தாறுமாறாகக் காட்டுகிறது என்று உரிமையாளர் நொந்துபோயிருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தால், குழாயின் தலையில் கைப்பிடி உட்காரும் பிளாஸ்டிக் கிண்ணம் சூட்டில் மொறுமொறுவென்று காய்ந்து, ஒரு விளிம்பு உடைந்திருந்தது. கைப்பிடி சில சமயம் மிச்ச விளிம்பில் உட்காரும், சில சமயம் உடைந்த பள்ளத்தில் விழும். பள்ளத்தில் விழுந்தால் ஸ்டிக் ஆழமாக இறங்கி, குறைவாக இருக்கும் ஆயிலை ஃபுல்லாகக் காட்டும். விலை மிகக் குறைந்த ஒரு பிளாஸ்டிக் துண்டு. ஆனால் அந்த "ஃபுல்"லை நம்பி ஆயில் இல்லாமல் ஓடியிருந்தால் இன்ஜின் போயிருக்கும். உங்கள் வண்டியிலும் கைப்பிடி ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அழுத்தமாக உட்காருகிறதா, அதில் ஆட்டமோ விரிசலோ இருக்கிறதா என்று ஒரு தடவை விரலால் அசைத்துப் பாருங்கள்.

திரும்பும்போது ஒரு நாளைக்கு 600, 700 கி.மீ. ஓட்டுவீர்கள். தினம் காலை ஒரு தடவை பார்த்தால் போதும். பங்க்கில் யார் பானட்டைத் திறக்க வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரவில் நிறுத்தும் இடத்தில் இன்ஜினுக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்தால் ஒழுகல் இருந்தாலும் தெரிந்துவிடும். அடுத்தடுத்த இரண்டு காலைகளில், சமதளத்தில், கோடுகளின் இடைவெளியில் கால் பங்குக்கு மேல் இறங்கினால் அது உண்மையான குறைவு. அப்போது டிக்கியில் உள்ளதைக் கால் லிட்டர் கால் லிட்டராக ஊற்றி, மறுநாள் காலை மறுபடி பாருங்கள். ஒரே தடவையில் லிட்டரைக் கவிழ்க்க வேண்டாம். நீண்ட ஓட்டத்தில் டர்போ டீசல் கொஞ்சம் ஆயில் எடுப்பது சகஜம். சில கம்பெனிகள் 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரைகூட இயல்பு என்று மேனுவலில் எழுதியிருக்கின்றன. என் கணிப்பில் அவ்வளவு குடிக்கும் வண்டியை ஒரு தடவை கழற்றிப் பார்ப்பதே நல்லது, ஆனால் உங்களுடையது அந்த ரகம் இல்லை.

சிவப்பு ஆயில் விளக்கைப் பற்றி அம்மாவோடு போகும் உங்களுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அது ஆயில் மட்டத்தைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. எரியாததால் அளவு சரி என்று எண்ணிவிடாதீர்கள். மட்டம் குறைந்து பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கிய பிறகுதான் அது எரியும். ஓடும்போது ஒரு நொடி மின்னினாலும் ஓரம் கட்டி, உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். பத்து கி.மீ. தள்ளி ஒர்க் ஷாப் இருக்கிறது என்று ஓட்டிப் போகாதீர்கள். மட்டம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் வண்டியை ஏற்றிச் செல்லும் லாரிக்குத்தான் போன் செய்ய வேண்டும்.

ஊருக்கு வந்து ஆயில் மாற்றும்போது கூடவே நில்லுங்கள். பழையதை முழுக்க வடித்து, ஃபில்டர் மாற்றி, மேனுவலில் ஃபில்டரோடு சேர்த்து எவ்வளவு என்று போட்டிருக்கிறதோ அதை அளந்து ஊற்றச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் ஓட்டி ஃபில்டர் நிறைந்த பிறகு அணைத்து, வண்டியை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். மறுநாள் காலை நீங்கள் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் ஸ்டிக்கை உருவி, ஆயில் நிற்கும் இடத்தில் ஊசி முனையால் மெல்லிய ஒரு கீறல் போடுங்கள். அது கம்பெனி போட்ட எஃப் கோட்டிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் குழப்பம் வேண்டாம், இனி உங்கள் கீறல்தான் கணக்கு. ரொம்பத் தள்ளி இருந்தால் அந்த ஸ்டிக் உங்கள் இன்ஜினுக்கு உரியதுதானா என்று பாகத்தின் எண்ணைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எந்தத் தர ஆயில், எத்தனை லிட்டர் என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.